பேஸ்பால் சிமுலேஷன் லீக்: வீட்டில் எப்படிச் சொல்வது?

பாம்பன்காரன்:
போன ஞாயிற்றுக்கிழமை பரமக்குடியில் ஒரு நிச்சயதார்த்தம். பந்தியில் பக்கத்து இலைப் பெரியவர், "தம்பி என்ன பண்றீங்க?" என்றார். நான் வாய் திறக்குமுன் சித்தி முந்திக்கொண்டார்: "அமெரிக்காவுல ஒரு டீமுக்கு மேனேஜர். வீட்டுல இருந்தே பாக்குறான்." ரசம் வருவதற்குள் பெரியவர் தங்கை மகளின் ஜாதகத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார்.

நான் பாம்பனில் ஓர் ஐஸ் கம்பெனியில் கணக்கு எழுதுகிறவன். அந்த 'மேனேஜர்' ஒரு விளையாட்டு. கணினியில் ஒரு பேஸ்பால் லீக். இருபத்து நான்கு பேர், ஆளுக்கு ஓர் அணி. ஆட்டக்காரர்கள் எல்லோரும் கணினி உண்டாக்கியவர்கள், கற்பனை. யார் முதலில் அடிப்பது, யார் பந்து வீசுவது, யாரை விற்று யாரை வாங்குவது என்பதை நாங்கள் முடிவு செய்து ஃபைலை அனுப்பிவிட வேண்டும். அமெரிக்காவில் இருக்கும் லீக் கமிஷனர் இரவு பத்து மணிக்குப் பொத்தானை அழுத்துவார். ஒரு வாரத்து ஆட்டங்கள் ஒரேயடியாக நடந்து முடியும். எனக்கு அது காலை ஏழரை. நவம்பரில் அவர்கள் கடிகாரத்தை மாற்றினால் எட்டரை, அன்றைக்கு வேலைக்குத் தாமதம்.

திரையில் யாரும் ஓடுவதில்லை. வருவது எண்கள் மட்டும். மூன்று வருடமாக ஆடுகிறேன், இதுவரை ஒருவருக்கும் புரிகிற மாதிரி சொல்ல முடியவில்லை. யாராவது சொல்லிப் பார்த்திருக்கிறீர்களா?

மூக்கையூர் மாமா:
தம்பி, பந்து கிடையாது, மட்டை கிடையாது, கிரவுண்ட் கிடையாது, ஆளும் கிடையாது. இல்லாத ஆள் இல்லாத பந்தை அடித்தானா என்று பார்க்க நீ காலையில் பல் விளக்காமல் உட்கார்ந்திருக்கிறாய். உன் சித்தி சொன்னதில்தான் கொஞ்சம் மரியாதை இருக்கிறது. அதையே வைத்துக்கொள்.

மண்டபம் சிக்ஸர்:
என் கேள்வி வேறு. ஏன் பேஸ்பால்? கிரிக்கெட்டில் இதே மாதிரி ஆடினால் சித்திக்கும் புரியும், பெரியவருக்கும் புரியும். நமக்குச் சம்பந்தமில்லாத ஆட்டத்தை எடுத்துக்கொண்டு, யாருக்கும் புரியவில்லை என்று புலம்பினால் எப்படி?

கீழக்கரை காக்கா:
சிக்ஸர் தம்பி, சம்பந்தம் இருக்கிறது. பேஸ்பாலுக்கு ஸ்கோர் அட்டவணையை ஒழுங்காக அமைத்தவர் ஹென்றி சாட்விக். இங்கிலாந்தில் பிறந்தவர், நியூயார்க் பத்திரிகைகளுக்குக் கிரிக்கெட் செய்தி எழுதிக்கொண்டிருந்தவர். கிரிக்கெட் ஸ்கோர்கார்டைப் பார்த்த பழக்கத்தில்தான் 1859 வாக்கில் இதற்கும் ஒன்று போட்டார். அன்றிலிருந்து அவர்கள் எழுதுவதை நிறுத்தவில்லை. ஒவ்வொரு ஆட்டமும் கணக்கில் இருக்கிறது. கணக்கு இருந்தால்தான் இப்படி விளையாட முடியும்.

ஆனால் பாம்பன் தம்பிக்கு ஒன்று சொல்கிறேன். விளக்காதே. கப்பலில் வேலை பார்த்த காலத்தில் ஒரு பிலிப்பினோ சமையல்காரரிடம் ஸ்ட்ராட்-ஓ-மேட்டிக் கற்றுக்கொண்டேன். 1961-இல் ஹால் ரிச்மேன் என்பவர் வெளியிட்ட அட்டை ஆட்டம். ஊருக்கு வந்ததும் உம்மாவிடம் விளக்கினேன். முழுக்கக் கேட்டுவிட்டு, "தாயம் ஆடுறீயா வாப்பா?" என்றார். அதற்கு மேல் நான் யாரிடமும் வாயைத் திறக்கவில்லை. இன்னொன்று, பொத்தானை அழுத்தினால் ஒரு வாரம் ஓடும் என்பதெல்லாம் எனக்கு விளையாட்டே இல்லை. பகடையை நாமே உருட்ட வேண்டும், சத்தம் கேட்க வேண்டும்.

தொண்டி டீச்சர்:
உங்கள் உம்மா கேட்டது நியாயமான கேள்விதானே? பகடை உருட்டி விழுந்த எண்ணைப் பார்ப்பதற்கும் தாயத்துக்கும் என்ன வித்தியாசம்? கோபப்படாமல் சொல்லுங்கள். நான் கணக்கு டீச்சர், எனக்கு உண்மையாகவே தெரிய வேண்டும்.

கீழக்கரை காக்கா:
சரி டீச்சர், உங்களுக்காக ஒரு தடவை. ஒவ்வொரு ஆட்டக்காரருக்கும் ஓர் அட்டை. அவர் அந்த வருடம் நிஜத்தில் ஆடிய ஆட்டத்தைக் கணக்குப் போட்டு அச்சடித்தது. உருட்டுவது மூன்று பகடை. தனி நிறப் பகடையில் 1, 2, 3 விழுந்தால் அடிப்பவரின் அட்டையைப் பார்க்க வேண்டும். 4, 5, 6 என்றால் வீசுபவரின் அட்டை. மற்ற இரண்டு பகடையின் கூட்டுத்தொகை எந்த வரி என்று சொல்லும். அந்த வரியில் 'ஹோம் ரன்' என்று இருக்கலாம், 'அவுட்' என்றும் இருக்கலாம்.

தொண்டி டீச்சர்:
அப்படியானால் மொத்தம் 216 வாய்ப்பு. அடிப்பவருக்குப் பாதி, வீசுபவருக்குப் பாதி. ஆளுக்கு 108. இரண்டு பகடையின் கூட்டு ஏழு வருவதற்கு 36-இல் ஆறு வழி, பன்னிரண்டுக்கு ஒரே வழி. ஆக ஏழாவது வரியில் நல்லது எழுதியிருக்கிற ஆள்தான் பெரிய ஆள். அச்சடித்தவர் திறமைசாலி, ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் 108 வந்தாலே நமக்குக் கொஞ்சம் சாமி வந்துவிடும், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

பாம்பன்காரன்:
டீச்சர், நீங்கள் இரண்டு நிமிடத்தில் சொன்னதை நான் மூன்று வருடமாகச் சொல்ல முயல்கிறேன்.

இப்போது எனக்கு வேறொன்று தோன்றுகிறது. பள்ளிக்கூடத்தில் எல்லோரும் புக் கிரிக்கெட் ஆடியிருப்போம். புத்தகத்தைத் திறந்து இடது பக்க எண்ணின் கடைசி இலக்கத்தைப் பார்ப்பது. இடது பக்கம் எப்போதும் இரட்டைப்படை. 0, 2, 4, 6, 8, இவற்றில் பூஜ்யம் வந்தால் அவுட். அதாவது ஐந்துக்கு ஒன்று அவுட். சச்சின் வந்தாலும் ஐந்துக்கு ஒன்று, முரளிதரன் மட்டை பிடித்தாலும் ஐந்துக்கு ஒன்று. நானே முரளிதரனை வைத்துச் செஞ்சுரி போட்டிருக்கிறேன். அன்றைக்கே ஏதோ தப்பு என்று உறுத்தும். சச்சினுக்குத் தனிப் புத்தகம், முரளிதரனுக்குத் தனிப் புத்தகம் இருந்திருந்தால்? வீசுகிறவனுக்கும் ஒரு புத்தகம் இருந்து, யாருடைய புத்தகத்தைத் திறப்பது என்பதையே ஒரு பகடை முடிவு செய்தால்? அதுதான் காக்கா ஆடும் ஆட்டம். அந்தப் புத்தகங்களையெல்லாம் கணினிக்குள் வைத்து, ஆளுக்கு வயதாகும், காயம் படும், சம்பளம் கேட்பான் என்று சேர்த்தால் நான் ஆடுவது.

மண்டபம் சிக்ஸர்:
புக் கிரிக்கெட் உதாரணம் சரி. இதைப் பந்தியில் சொல்லியிருக்கலாம். ஆனால் பாருங்கள், விளக்குவதற்குக் கடைசியில் கிரிக்கெட்தான் தேவைப்பட்டது.

பாம்பன்காரன்:
தேவைப்பட்டதுதான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் கிரிக்கெட்டில் பிட்ச், மழை, டாஸ், பழைய பந்து, பார்ட்னர்ஷிப் என்று ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும். பேஸ்பாலில் ஒருவன் வீசுகிறான், ஒருவன் அடிக்கிறான், ஒரு முடிவு வருகிறது, அடுத்த ஆள். ஒவ்வொன்றும் தனித்தனியாக எண்ணக் கூடியது. நூறு தடவையில் முப்பது தடவை அடித்துத் தப்பிப்பவன் நல்ல ஆட்டக்காரன். 1941-இல் டெட் வில்லியம்ஸ் .406 எடுத்தார், அதாவது ஆயிரத்துக்கு 406. அதற்குப் பிறகு அமெரிக்கன் லீக், நேஷனல் லீக் இரண்டிலும் முழு சீசனில் நானூறைத் தொட்டவர் இல்லை. பத்தில் ஆறு தடவை தோற்றவன்தான் அங்கே சாதனையாளன். எனக்கு அந்த ஆட்டம் பிடித்ததே இதனால்தான்.

அப்புறம், 'நமக்குச் சம்பந்தமில்லாத ஆட்டம்' என்றீர்களே. நாங்கள் ஆடும் 'அவுட் ஆஃப் தி பார்க் பேஸ்பால்' மென்பொருளை 1999-இல் முதலில் கொண்டுவந்தவர் மார்கஸ் ஹைன்சோன், ஒரு ஜெர்மன்காரர். ஜெர்மனியில் பேஸ்பாலை எத்தனை பேர் பார்ப்பார்கள்?

மூக்கையூர் மாமா:
எல்லாம் கேட்டேன். டீச்சர் கணக்கும் புரிந்தது. ஆனால் நான் கேட்டதற்குப் பதில் இல்லை. எப்படி ஆடுகிறாய் என்று நான் கேட்கவில்லை, எதற்கு என்று கேட்டேன். இதில் பணம் உண்டா?

பாம்பன்காரன்:
ஒரு பைசா கிடையாது மாமா. மென்பொருளுக்கு ஒரு தடவை பணம் கட்டினோம், அவ்வளவுதான். ஜெயித்தால் பேர் ஒரு பட்டியலில் ஏறும். 2025-இல் மத்திய அரசு தடை செய்தது பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளை. அவற்றில் இது சேராது.

மூக்கையூர் மாமா:
பணம் இருந்தால் சூதாட்டம் என்று திட்டலாம். பணமும் இல்லையென்றால் என்ன சொல்லித் திட்டுவது என்றே தெரியவில்லை.

பாம்பன்காரன்:
எதற்கு என்று கேட்டீர்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். அறுபத்தொரு நாள் விசைப்படகு போகாது, ஐஸுக்கு ஆள் வராது, கணக்குப் புத்தகத்தில் எழுத ஒன்றும் இருக்காது. அந்தச் சும்மா இருந்த நாட்களில்தான் ஆரம்பித்தேன்.

ஆனால் தொடர்ந்ததற்குக் காரணம் வேறு. எங்கள் படகுத்துறையில் விசைப்படகு முதலாளிகளைப் பாருங்கள். பாதிப் பேர் கடலுக்குப் போவதில்லை. டிரைவர் யார் என்று முடிவு செய்கிறார்கள், ஆள் பிடிக்கிறார்கள், டீசல் எவ்வளவு, ஐஸ் எவ்வளவு என்று கணக்குப் போட்டு அனுப்புகிறார்கள். ராத்திரி முழுக்க அவர்கள் கையில் எதுவும் இல்லை. காலையில் வந்து நின்று கூடையைப் பார்க்கிறார்கள். நல்ல டிரைவருக்கும் ஒருநாள் வலை வெறுமனே வரும். அதற்காக மறுநாளே ஆளை மாற்றுகிறவன் உருப்பட மாட்டான். நாற்பது நாள் பார்த்தும் மாற்றாதவனும் உருப்பட மாட்டான். எத்தனை நாள் பார்க்க வேண்டும் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. என் ஆட்டத்திலும் அதே கேள்விதான், சீசனுக்கு 162 தடவை.

மூக்கையூர் மாமா:
தம்பி, நானும் ஒரு காலத்தில் பாதிப் பங்குக்குப் படகு வைத்திருந்தவன். நீ சொன்னது அப்படியே உண்மை. ஆனால் ஒன்றை விட்டுவிட்டாய். வலை வெறுமனே வந்தால் டீசல் கடன் அப்படியே நிற்கும். ஆறு பேருக்குப் பங்கு கிடையாது. எல்லை தாண்டிவிட்டானோ, பிடித்துவிட்டானோ என்று அவன் பொண்டாட்டி கரையில் நிற்பாள். உன் ஆள் தோற்றால் எந்த வீட்டில் அடுப்பு எரியாது? அந்த பயத்தை எடுத்துவிட்டு மீதியை மட்டும் வைத்துக்கொண்டு படகு முதலாளி மாதிரி என்கிறாயே.

பாம்பன்காரன்:
எடுத்துவிட்டுத்தான் ஆடுகிறேன் மாமா. பகல் முழுக்க அந்த பயத்தைக் கணக்குப் புத்தகத்தில் எழுதுகிறேன், யார் யார் ஐஸுக்கு எவ்வளவு பாக்கி என்று. காலையில் அரை மணி நேரமாவது யாரும் பாக்கி வைக்காத ஒரு கணக்கைப் பார்க்கத் தோன்றாதா?

தொண்டி டீச்சர்:
இதைச் சொல்லியிருந்தால் சித்திக்குப் புரிந்திருக்கும். பகடையெல்லாம் வேண்டியதில்லை.

கீழக்கரை காக்கா:
சித்திக்குப் புரியும், பெரியவர் ஜாதகத்தைத் திரும்ப வாங்கிக்கொள்வார். அதனால்தான் விளக்காதே என்றேன்.

தங்கச்சிமடத்து அக்கா:
இத்தனை பேசினீர்கள், அணியின் பெயர் என்ன என்று ஒருவரும் கேட்கவில்லையே?

பாம்பன்காரன்:
தனுஷ்கோடி.

தங்கச்சிமடத்து அக்கா:
தம்பி, அது எனக்குச் சரியாகப் படவில்லை. என் பாட்டி அந்த ஊர். 1964 டிசம்பர் 22 ராத்திரி ரயிலோடு சேர்த்துக் கடல் கொண்டுபோன ஊர். இன்றைக்கும் டூரிஸ்ட் வண்டிகள் போய் இடிந்த சர்ச் முன்னால் நின்று படம் எடுப்பதைப் பார்த்தாலே பாட்டி முகத்தைத் திருப்பிக்கொள்வார். அந்தப் பெயரை ஒரு கம்ப்யூட்டர் ஆட்டத்துக்கு வைப்பதா?

பாம்பன்காரன்:
அக்கா, விளையாட்டாக வைக்கவில்லை. பதிவு செய்யும்போது ஊர் பெயர் கேட்டது. மற்றவர்கள் எல்லோரும் அமெரிக்க ஊர்கள். பாம்பன் என்று எழுதப் போய், கடைசி நிமிடத்தில் மாற்றினேன். அந்த லீகில் தனுஷ்கோடி இருக்கிறது. மைதானம் இருக்கிறது, ஒவ்வோர் ஆட்டத்துக்கும் எத்தனை பேர் வந்தார்கள் என்று எண் வருகிறது. போன வாரம் பதினோராயிரம் பேர் வந்தார்கள். அந்த வரியை மட்டும் இரண்டு தடவை படிப்பேன். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. பாட்டிக்கு வருத்தம் என்றால் மாற்றிவிடுகிறேன்.

தங்கச்சிமடத்து அக்கா:
பாட்டியிடம் கேட்டுவிட்டுச் சொல்கிறேன்.

மண்டபம் சிக்ஸர்:
அணி எத்தனையாவது இடம்?

பாம்பன்காரன்:
கடைசிக்கு முந்தினது. அடிப்பவர்கள் பரவாயில்லை, வீசுவதற்கு ஆள் இல்லை.

தங்கச்சிமடத்து அக்கா:
கேட்டேன். முதலில் பேஸ்பால் என்றால் என்ன என்றார். கிட்டிப்புள் மாதிரி என்று சொல்லிச் சமாளித்தேன். பதினோராயிரம் பேர் என்றதும், "எங்க ஊர்ல அவ்வளவு ஆள் எப்பவுமே கிடையாதே" என்று சிரித்தார். பெயர் இருக்கட்டுமாம். ஆனால் கடைசிக்கு முந்தினது என்றதும் முகம் மாறிவிட்டது.

மூக்கையூர் மாமா:
கிழவி கேட்டாச்சு இல்லையா, இனி அந்த வீசுகிறவனை மாற்று. எத்தனை நாளாகப் பார்க்கிறாய் அவனை?

பாம்பன்காரன்:
முப்பத்தெட்டு ஆட்டம், மாமா.

மூக்கையூர் மாமா:
நாற்பது என்று நீதானே சொன்னாய். இன்னும் இரண்டு பார்.