அக்கா மகன் பையில் கஞ்சாவும் மாத்திரை அட்டையும்: ஸ்டேஷனா, ஆஸ்பத்திரியா?

அம்மாபேட்டை தறிக்காரர்:
என் அக்கா மகனுக்கு 19 வயது. போன வாரம் அவன் பையில் சின்னக் கஞ்சாப் பொட்டலமும் டேபென்டடால் என்ற வலி மாத்திரை அட்டையும் கிடைத்தன. முழங்கை மடிப்பில் ஊசித் தடம் வேறு. ஸ்டேஷனில் ஒப்படைத்து விடலாம் என்கிறார் மாமா. எனக்கும் அதுதான் சரியென்று படுகிறது. நாலு நாள் உள்ளே இருந்தால் புத்தி வரும்.

ஏற்காடு மலைக்காரன்:
அவசரப்படாதீங்க அண்ணா. கஞ்சா ஒரு செடி. வடக்கே ஹோலிக்கு அதன் இலையை பாங்கு என்று அரைத்துக் குடிக்கிறார்கள். 1985 போதைப்பொருள் சட்டத்திலேயே பூத்த நுனிதான் கஞ்சா, வெறும் இலை அந்தக் கணக்கில் வராது. மாத்திரையும் மருந்துக்கடையில் விற்பதுதான். ஹெராயின், கொகைன் என்றால் பயப்படலாம்.

ஐந்துரோடு மருந்தாளுநர்:
மலைக்காரரே, உங்கள் கடைசி வரிதான் பிள்ளைகளைக் கொல்கிறது. டேபென்டடால் கடுமையான வலிக்குக் கொடுப்பது. ஹெராயின் மூளையில் எந்தப் பூட்டைத் திறக்கிறதோ, இதுவும் அதையேதான் திறக்கிறது. அளவு மீறினால் மூச்சு மெதுவாகி நின்றே போகும். வலிப்பும் வரலாம். மாத்திரையில் மருந்து மட்டுமா இருக்கிறது? அதைக் கட்டியாக்க மாவும் டால்க்கும் சேர்ப்பார்கள், அவை முழுசாகக் கரையாது. மாத்திரையைக் கரைத்து ஊசியில் ஏற்றினால் அவை ரத்தக்குழாயை அடைக்கும், நுரையீரலில் தங்கும். ஊசியைப் பகிர்ந்தால் எச்ஐவி, ஹெபடைடிஸ் சி. இதய வால்வில் கிருமி தொற்றிய பையன்களும் உண்டு. கடையில் வாங்கியது என்பதால் எதுவும் மாறாது.

ஏற்காடு மலைக்காரன்:
சரி, மாத்திரை விஷயத்தில் நான் சொன்னது தப்பு. ஒத்துக்கொள்கிறேன். கஞ்சாவில் மாற மாட்டேன். பத்து வருஷம் புகைத்தவன் நான், மூச்சு நின்று யாரும் சாகவில்லை.

சூரமங்கலம் அக்கா:
என் தம்பியும் சாகவில்லை. 16 வயதில் ஆரம்பித்தான். 20 வயதில், பக்கத்து வீட்டில் தன்னைப் பற்றிப் பேசுகிறார்கள் என்று ராத்திரி முழுக்கச் சுவரில் காதை வைத்துக்கொண்டு நிற்பான். அம்மா சோறு போட்டால் விஷம் என்பான். எல்லோருக்கும் இப்படி ஆகாது என்று டாக்டரும் சொன்னார். ஆனால் சின்ன வயதில் தினமும் புகைத்தால் மனச்சிதைவு வரும் வாய்ப்பு கூடுமாம். யாருக்கு வரும் என்று முன்கூட்டித் தெரியாது. உங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை என்பதைப் பார்த்து 19 வயதுப் பையன் எதை நம்புவான்?

அம்மாபேட்டை தறிக்காரர்:
இதையெல்லாம் கேட்டால் ஸ்டேஷன்தான் சரியென்று இன்னும் தோன்றுகிறது. வெளியே விட்டால் மறுபடியும் போவான்.

ஐந்துரோடு மருந்தாளுநர்:
அண்ணா, அந்த நாலு நாளுக்குத்தான் நான் பயப்படுகிறேன். மாத்திரை திடீரென்று நின்றால் வாந்தி, பேதி, உடம்பு முறுக்கும் வலி, தூக்கமில்லாமை. அப்புறம் வெளியே வருவான். அதற்குள் உடம்பின் தாங்கும் சக்தி இறங்கியிருக்கும். பழைய அளவையே போட்டால் அன்றைக்கே மூச்சு நிற்கலாம். பல சாவுகள் இப்படித்தான் நடக்கின்றன. ஆஸ்பத்திரியில் என்றால் மருந்து கொடுத்துப் படிப்படியாக இறக்குவார்கள். அந்தப் போதைப்பொருள் சட்டத்திலும் 64ஏ என்று ஒரு பிரிவு இருக்கிறது. சின்ன அளவு வைத்திருந்து, தானாக அரசு ஆஸ்பத்திரிக்கோ அரசு அங்கீகரித்த இடத்துக்கோ போய் சிகிச்சையை முழுசாக முடித்தால் தண்டனை இல்லை. கஞ்சாவுக்குச் சின்ன அளவு என்பது 1 கிலோ வரை. பாதியில் ஓடினால் அந்த விலக்கு போய்விடலாம்.

ஏற்காடு மலைக்காரன்:
ஸ்டேஷன் வேண்டாம் என்பதில் நானும் மருந்தாளுநர் பக்கம்தான். கஞ்சா பற்றி அப்புறம் பேசுவோம்.

அம்மாபேட்டை தறிக்காரர்:
மாமாவிடம் இன்று ராத்திரி பேசுகிறேன். அவர் சம்மதிப்பாரா தெரியவில்லை. நாளைக் காலை சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் ஆஸ்பத்திரி மனநலப் பிரிவுக்கு அவனைக் கூட்டிப் போகப் பார்க்கிறேன்.

ஐந்துரோடு மருந்தாளுநர்:
மாத்திரை அட்டையைத் தூக்கிப் போடாமல் எடுத்துப் போங்கள், டாக்டர் பார்க்க வேண்டும். இன்று ராத்திரி அவனைத் தனியே படுக்க விடாதீர்கள். எழுப்பியும் எழாமல், உதடு நீலமாகி, கண்மணி ஊசிமுனை போலச் சுருங்கியிருந்தால் உடனே 108. போதை மீட்புக்கு இலவச எண் 14446.