டைக்கின் கிழக்கு ஓரம் மட்டும் காந்தப் பரிசோதனையில் குழப்புகிறது, உதவி தேவை

யாழ்ப்பாணத்தில் இருந்து எழுதுகிறேன். எங்கள் காலடியில் எல்லாம் சுண்ணாம்புக்கல், டைக் (பாறைப் பிளவுக்குள் மக்மா ஏறி உறைந்த சுவர் போன்ற பாறை) பார்க்க கிழக்கு மாகாணத்துக்குத்தான் பஸ் ஏற வேண்டும். அங்கே சுமார் 8 மீற்றர் அகலமான, நெட்டுக்குத்தான டொலரைட் டைக் ஒன்றில் பங்குனியில் 25 மி.மீ. விட்டமுள்ள 36 உருளை மாதிரிகள் துளைத்து எடுத்தேன். மக்மா எந்தப் பக்கமாக ஓடியது என்று காந்த ஏற்புத்திறனின் திசைவேறுபாட்டை (பாறை எந்தத் திசையில் எவ்வளவு எளிதாகக் காந்தமேறுகிறது என்பதை) வைத்துக் கண்டுபிடிப்பதுதான் நோக்கம்.

மேற்கு ஓரம் பிரச்சினை இல்லை. K3 (ஏற்புத்திறன் மிகக் குறைந்த அச்சு) சுவருக்கு ஏறத்தாழச் செங்குத்து, அதற்குக் குறுக்கான காந்தத் தளம் சுவரிலிருந்து 15 பாகை அளவில் சாய்ந்திருக்கிறது. கிழக்கு ஓரத்தின் 14 மாதிரிகளில் 11இல் K1 (ஏற்புத்திறன் மிகக் கூடிய அச்சு, வழக்கமாக ஓட்டத்தோடு போவது) சுவருக்குச் செங்குத்தாக நிற்கிறது! மக்மா சுவருக்குள்ளா பாயும்? இரண்டு ஓரமும் எதிரெதிராகச் சாய்ந்தால்தான் ஓட்டத்தின் திசையை நம்பிச் சொல்லலாம்.

திசைகாட்டியைப் பாறையே இழுத்திருக்குமோ என்று சூரிய நிழலை வைத்துச் சரிபார்த்தேன், வித்தியாசம் 3 பாகைதான். மாதிரிகளின் மேல் கீறிய அம்புக்குறி தலைகீழாகி விட்டதோ என்று ஒவ்வொன்றையும் களப் படத்தோடு ஒப்பிட்டேன். கப்பாபிரிட்ஜில் (ஏற்புத்திறன் அளக்கும் கருவி) மறுபடி அளந்தேன், அதே விடை.

ஒற்றைக் களப் பருமனுள்ள (மணி முழுவதும் ஒரே திசையில் காந்தமாகும் அளவுக்குச் சிறிய) நுண் மக்னடைட்டால் அச்சுகள் தலைமாறியிருக்கலாம் என்பது என் சந்தேகம். குளிர்ந்த ஓரத்தில் மணிகள் அவ்வளவு சிறிதாக இருப்பது நடக்கக்கூடியதுதான். எஞ்சுகாந்தத்தின் (புலத்தை எடுத்த பிறகும் பாறையில் தங்கும் காந்தத்தின்) திசைவேறுபாட்டை அளந்தால் தெரிந்துவிடும், எங்களிடம் அந்தக் கருவி இல்லை.

இலங்கையிலோ தமிழ்நாட்டிலோ வெளியாளின் 14 மாதிரிகளை வாங்கி அதை அளந்து தரக்கூடிய ஆய்வுகூடம் எது?