செசபீக் பாலம்: பதினான்கு தடங்களைப் பார்த்துவிட்டுப் பழைய இடத்துக்கே வந்தது சரியா?

நண்டுப்பிரியன் (கொலம்பியா, மேரிலாந்து)

போன சனிக்கிழமை ஓஷன் சிட்டி கடற்கரைக்குப் புறப்பட்டோம். பின் இருக்கையில் இரண்டு பிள்ளைகள், கூடையில் எலுமிச்சைச் சாதம். அன்னபோலிஸைத் தாண்டியதும் வண்டிகள் நின்றுவிட்டன. பாலத்தின் முகப்பு கண்ணில் பட்டபோது சாதம் தீர்ந்து, பிள்ளைகளுக்கு மறுபடியும் பசித்தது. அந்த ஆத்திரத்தில் வீடு திரும்பியதும் இந்தப் பாலத்தின் கதையைத் தேடிப் படித்தேன். ஆத்திரம் கூடியதுதான் மிச்சம்.

தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். அமெரிக்காவின் மேரிலாந்தில், செசபீக் விரிகுடாவின் குறுக்கே பக்கத்தில் பக்கத்தில் இரண்டு பாலங்கள். கிழக்கே போக 1952இல் கட்டிய இரண்டு வழிப் பாலம் (ஒரு வழி என்றால் ஒரு வரிசை வண்டி). மேற்கே வர 1973இல் கட்டிய மூன்று வழிப் பாலம். நீளம் நான்கு மைலுக்குச் சற்று அதிகம். 2016இல் புதிய கடப்புக்கு இடம் தேட மாநில அரசு 50 லட்சம் டாலர் ஒதுக்கியது. விரிகுடாவின் வடக்கு முனையிலிருந்து தெற்கு வரை 14 தடங்களை, அதாவது பாலம் கட்டக்கூடிய 14 இடங்களை, ஆராய்ந்தார்கள். 2019இல் அவை மூன்றாகச் சுருங்கின: பசடீனாவிலிருந்து ராக் ஹாலுக்குப் போகும் 6ஆம் தடம், பழைய பாலம் நிற்கும் 7ஆம் தடம், கிராஃப்டனிலிருந்து ஈஸ்டனை நோக்கிப் போகும் 8ஆம் தடம். 2022 ஏப்ரலில் மத்திய நெடுஞ்சாலை நிர்வாகம் 7ஆம் தடத்துக்குக் கையெழுத்துப் போட்டது.

ஆறு ஆண்டுகள் அலசிவிட்டுப் புறப்பட்ட இடத்துக்கே வந்திருக்கிறார்கள். இது ஆய்வா, சடங்கா?

பாலக்கணக்கு

சடங்கு என்று சொல்லிவிடுவது எளிது. நான் பாலங்களோடு பிழைக்கிறவன். (இந்தத் திட்டத்தில் எனக்குப் பங்கில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.) பத்து ஜவுளிக் கடை ஏறி இறங்கிவிட்டு முதல் கடையிலேயே புடவை எடுப்பதில்லையா? மற்ற ஒன்பது கடைகளைப் பார்த்தது வீண் என்று யாரும் சொல்வதில்லை.

7ஆம் தடம் தேறியதற்குக் காரணங்கள் உண்டு. அங்கே விரிகுடா குறுகலாக இருக்கிறது. தண்ணீருக்கு மேல் கட்ட வேண்டிய நீளம் குறைவு. இரு கரையிலும் நெடுஞ்சாலை ஏற்கெனவே இருக்கிறது. 6ஆம் தடத்திலோ 8ஆம் தடத்திலோ போனால் பாலத்தோடு கதை முடியாது. கிழக்குக் கரையின் வயல்களுக்கும் சதுப்புகளுக்கும் நடுவே பல மைல் புதுச் சாலை போட வேண்டும். அப்படிப் போட்டாலும் பழைய பாலத்தின் நெரிசல் போதிய அளவு குறையாது என்று போக்குவரத்துக் கணக்கு சொன்னது. செலவு அதிகம், சேதம் அதிகம், பலன் குறைவு. இதில் சூழ்ச்சி எங்கே இருக்கிறது?

செம்பருத்தி (அன்னபோலிஸ்)

சூழ்ச்சி பதிலில் இல்லை தம்பி, கேள்வியில் இருக்கிறது.

இந்த மாதிரி அறிக்கைகளில் எல்லாரும் படத்தையும் அட்டவணையையும்தான் பார்ப்பார்கள். நான் முதலில் படிப்பது 'நோக்கமும் தேவையும்' என்ற அத்தியாயத்தை. இந்த ஆய்வில் அந்த வாசகத்தின் சாரம் என்ன? விரிகுடாவைக் கடக்கக் கூடுதல் கொள்ளளவு வேண்டும். அதன் மூலம் 'இப்போதுள்ள பாலத்தில்' போக்குவரத்தும் நம்பகமும் பாதுகாப்பும் மேம்பட வேண்டும். அந்த இரண்டு சொற்களை எழுதிய அன்றே 7ஆம் தடம் வென்றுவிட்டது. பழைய பாலத்தின் நெரிசலைக் குறைப்பதுதான் அளவுகோல் என்றால், பழைய பாலத்துக்குப் பக்கத்தில் கட்டுவதைவிட எது அதிகமாகக் குறைக்கும்? மாப்பிள்ளையைப் பார்த்து முடிவு செய்துவிட்டு, 'உயரம் இவ்வளவு, ஊர் இன்னது, மீசையில் இடப்பக்கம் ஒரு நரை' என்று வரன் விளம்பரம் கொடுத்த மாதிரி இருக்கிறது.

இன்னொன்று. 2019 கோடையில் மூன்று தடங்கள் வெளியான கையோடு, அப்போதைய ஆளுநர் லாரி ஹோகன் 7ஆம் தடம் ஒன்றைத்தான் தான் ஏற்கப்போவதாகப் பகிரங்கமாக எழுதினார். அப்போது வரைவு அறிக்கைகூட வரவில்லை. அது வந்தது 2021 பிப்ரவரியில். மாற்றுகளைத் திறந்த மனத்தோடு ஒப்பிடச் சொல்வதற்குத்தானே தேசியச் சுற்றுச்சூழல் கொள்கைச் சட்டம்?

பாலக்கணக்கு

அக்கா, ஹோகன் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் அவருக்குப் பிடித்ததும் கணக்கு காட்டியதும் ஒன்றாக இருந்தது என்பதாலேயே கணக்கு தப்பாகிவிடாது. நெரிசல் இருக்கிற இடத்தில்தானே தேவை இருக்கிறது? காய்ச்சல் ஒருவனுக்கு, மருந்து அடுத்த வீட்டுக்காரனுக்கா?

கிழக்குக்கரையான் (கென்ட் தீவு)

மருந்து என்கிறீர்கள். நான் பாலத்தின் கிழக்கு முனையில் குடியிருக்கிறேன். இந்த மருந்தை எங்களுக்கு எழுபது ஆண்டுகளாகக் கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள். காய்ச்சல் இறங்கினால் சொல்கிறேன்.

1952க்கு முன்னால் சாண்டி பாயின்டிலிருந்து படகுத் துறை வழியாகத்தான் வண்டிகள் எங்கள் தீவுக்கு வந்தன. பாலம் வந்தது. போதவில்லை, 1973இல் இன்னொன்று வந்தது. அப்புறம் தீவுக்குக் கிழக்கே கென்ட் நேரோஸ் என்ற குறுகிய நீர்வழியில் இருந்த தூக்குப்பாலம்தான் முட்டுக்கட்டை என்றார்கள். ஆளுநர் ஷேஃபர் காலத்தில் 'கடற்கரையை எட்டுவோம்' என்று ஒரு திட்டம் போட்டு, 1990இல் அங்கே உயர்மட்டப் பாலம் எழுப்பினார்கள். ஒவ்வொரு முறையும் 'இதோடு தீர்ந்தது' என்றுதான் சொன்னார்கள்.

எங்கள் குயீன் ஆன்ஸ் கவுண்டியின் மக்கள்தொகை 1950இல் சுமார் 14,500. 2020இல் சுமார் 49,900. பாலம் மட்டுமே காரணம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் வாஷிங்டனில் வேலை, தீவில் வீடு என்ற வாழ்க்கை பாலம் இல்லாமல் வந்திருக்காது. எனக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன். சாலையை அகலமாக்கினால் வண்டி குறையும் என்பது, இடுப்புக் கச்சையைத் தளர்த்தினால் தொப்பை குறையும் என்பது போல.

நண்டுப்பிரியன்

ஐயா, கதவைத் திறந்து உள்ளே வந்தபின் பின்னால் வருகிறவனுக்குத் தாழ்ப்பாள் போடுகிறீர்கள்.

கிழக்குக்கரையான்

குற்றத்தை ஒப்புக்கொண்டுதானே எழுதினேன்! கோடை ஞாயிற்றுக்கிழமை மாலையில் ஒரு முறை வந்து பாருங்கள். நெடுஞ்சாலை அடைத்துக்கொண்டால், கைபேசி காட்டும் குறுக்கு வழியில் வண்டிகளெல்லாம் எங்கள் தெருக்களுக்குள் புகுந்துவிடும். வீட்டு வாசலிலிருந்து பால் வாங்கப் போக முடியாது. 2019 இலையுதிர் காலத்தில் மேற்கே போகும் பாலத்தின் ஒரு வழியை மூடித் தளத்தைப் பெயர்த்துப் போட்டபோது, இங்கே வேலை நாளும் ஞாயிறு மாதிரிதான் இருந்தது. 7ஆம் தடம் என்றால் அதே தண்டனை இன்னொரு தலைமுறைக்கு.

டன்டாக் (பால்டிமோர்)

நான் இதுவரை வாசித்துக்கொண்டுதான் இருந்தேன். ஒரு விடயத்தை நீங்கள் எல்லோருமே தவற விடுகிறீர்கள்.

2024 மார்ச் 26 அதிகாலை, 'டாலி' என்ற கப்பல் மோதி பால்டிமோர் துறைமுகத்தில் எங்கள் கீ பாலம் விழுந்தது. பாலத்தில் பள்ளம் நிரப்பிக்கொண்டிருந்த ஆறு தொழிலாளர்கள் இறந்துபோனார்கள். நான் நாளும் போய்வந்த பாலம் அது. அதே துறைமுகத்துக்குப் போகிற கப்பல்கள் செசபீக் பாலத்துக்குக் கீழாலும்தான் போகின்றன. கப்பல் மோதினால் தாங்குமா என்று கணக்கிட்டுப் பார்க்க வேண்டிய 68 பாலங்களின் பட்டியலைத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் 2025 மார்ச்சில் வெளியிட்டது. அதில் செசபீக் பாலமும் இருக்கிறது.

நீங்கள் கதைப்பது நெரிசலைப் பற்றி. 1952இல் கட்டிய தூண்களைப் பற்றி யார் கதைக்கிறார்கள்? 6ஆம் தடத்திலோ 8ஆம் தடத்திலோ புதுப் பாலம் கட்டியிருந்தாலும், இந்தப் பழைய இரண்டும் அதே தூண்களில்தான் நின்றிருக்கும்.

செம்பருத்தி

நியாயமான கேள்வி. ஆனால் அண்ணா, அந்தக் கேள்வியை 2022இல் முடிந்த முதல் கட்ட ஆய்வு கேட்கவே இல்லை என்பதுதான் என் வயிற்றெரிச்சல். அப்போது அவர்கள் கையில் இருந்த 2015 அறிக்கை, முறையாகப் பராமரித்தால் இரண்டு பாலங்களும் 2065 வரை ஓடும் என்றது. அதை வைத்துக்கொண்டு 'கூடுதலாக எங்கே கட்டலாம்' என்று இடம் தேடினார்கள். இரண்டாம் கட்டத்தில் 2024 டிசம்பரில் வெளியான பட்டியலில் ஏழு மாற்றுகள் இருந்தன. எதுவும் கட்டாமல் விடுவது அதில் ஒன்று. மற்ற ஆறிலும் பழைய பாலங்கள் இரண்டையும் எடுத்துவிடுவதாகத் திட்டம்! அப்போது சொன்ன மதிப்பீடு 730 கோடி டாலரிலிருந்து 840 கோடி டாலர் வரை.

பழையதை வைத்துக்கொண்டு மூன்றாவதைக் கட்ட எது நல்ல இடம் என்பது ஒரு கேள்வி. இரண்டையும் எடுத்துவிட்டுப் புதிதாகக் கட்ட எது நல்ல இடம் என்பது வேறு கேள்வி. முதல் கேள்விக்கு வந்த விடையை இரண்டாவதற்கு எழுதியிருக்கிறார்கள். பள்ளியில் இப்படி எழுதினால் வாத்தியார் பூஜ்யம் போடுவார்.

பாலக்கணக்கு

இது கனமான வாதம். ஒரு நாள் யோசித்துவிட்டு வந்து எழுதுகிறேன்.

இரண்டாம் கேள்வியை நேராகவே கேட்டுப் பார்ப்போம். பழைய பாலங்கள் போகவேண்டும் என்றால் அன்னபோலிஸிலிருந்து கென்ட் தீவுக்குப் போகிறவர்கள் என்ன செய்வார்கள்? அங்கே பாலம் இல்லாமல் விட முடியாது. அப்படியானால் 7ஆம் தடத்தில் எப்படியும் ஒரு பாலம் வந்தே தீரும். 6, 8 ஆகியவை அதற்கு மேல் கூடுதல் செலவுதான். ஆக, இரண்டாம் கேள்வி 7ஆம் தடத்தை இன்னும் பலப்படுத்துகிறது. விடை சரி, போட்டுக்காட்டிய வழிதான் தவறு என்று வேண்டுமானால் மதிப்பெண்ணைக் குறையுங்கள்.

டன்டாக் அண்ணா சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். கீ பாலத்தை மறுபடி கட்ட முழுச் சுற்றுச்சூழல் அறிக்கை தேவைப்படவில்லை. அதே இடம், அதே எண்ணிக்கையில் வழிகள் என்பதால் விலக்கு வகையில் சில மாதங்களில் அனுமதி கிடைத்தது. செசபீக்கில் வழிகளைக் கூட்டுகிறார்கள். அதனால் முழு ஆய்வு. சட்டம் இரண்டையும் வேறுபடுத்தித்தான் பார்க்கிறது. எல்லாமே சடங்கு என்றால் இந்த வித்தியாசம் வந்திருக்காது.

செம்பருத்தி

வழி தவறினால் மதிப்பெண் மட்டும் குறையாது தம்பி, தப்பான இடத்தில் பணமும் போகும். 'எத்தனை வழி வேண்டும்' என்ற கேள்வியும் அந்த முதல் வாசகத்திலிருந்துதான் பிறந்தது. 2017 கணக்குப்படி வேலை நாளில் சுமார் 68,600 வண்டிகள். கோடை வார இறுதி நாளில் சுமார் 1,18,600. அதாவது ஆண்டில் சில டஜன் நாட்கள் பொங்குகிறது, மற்ற நாட்களில் பாலத்தில் காற்று வாங்கலாம். பொங்கலுக்கு ஊருக்குப் போகிற கூட்டத்துக்காக ஆண்டு முழுவதும் அத்தனை பஸ்ஸையும் வாங்கி நிறுத்தி வைப்பார்களா?

மேரிலாந்து ஈ-ஸீபாஸ் (வண்டியில் ஒட்டும் மின்னணுக் கட்டண அட்டை) இருந்தால் கிழக்கே போக இரண்டரை டாலர், திரும்பி வர ஒன்றுமில்லை. கோடை சனிக்கிழமை பகல் பதினொரு மணிக்கும் அதே காசு, ஜனவரி நடுராத்திரிக்கும் அதே காசு. நேரத்துக்கு ஏற்ற கட்டணம், படகு, பஸ் எல்லாவற்றையும் முதல் கட்டத்தில் தனித்தனியாக எடுத்து, 'இது மட்டும் போதாது' என்று ஒவ்வொன்றாக ஒதுக்கினார்கள். தனியாக உப்பைத் தின்று பார், சோறாகாது. தனியாகப் புளியைத் தின்று பார், அதுவும் ஆகாது. சேர்த்துப் பார்ப்பதை இரண்டாம் கட்டத்துக்குத் தள்ளிவிட்டார்கள். அதற்குள் இடம் முடிவாகிவிட்டது.

நண்டுப்பிரியன்

கட்டணத்தைக் கூட்டினால் எங்களைப் போன்றவர்கள் விடிகாலை நான்கு மணிக்குக் கிளம்ப வேண்டியதுதான். (மனைவி இதைப் படித்துவிட்டு, 'இப்போது மட்டும் என்ன வாழ்கிறதாம்' என்கிறாள்.)

எனக்கு வேறு சந்தேகம். இத்தனை பதிவு ஓடியும் விரிகுடாவைப் பற்றி யாரும் பேசவில்லை. சுற்றுச்சூழல் ஆய்வு என்கிறோம். நண்டு எங்கே, சிப்பி எங்கே?

கிழக்குக்கரையான்

இந்தக் கேள்விக்காகவே உங்கள் பெயரை மன்னிக்கிறேன்.

தூண் அடிக்கும்போது எழும் அதிர்வும் கலங்கலும் நீருக்கடியில் இருக்கிற புல்வெளிகளைத்தான் முதலில் பாதிக்கும். குஞ்சு நண்டுகள் ஒளிந்து வளர்வது அந்தப் புல்லில்தான். சிப்பிப் படுகை மேல் வண்டல் படிந்தால் சிப்பிக்கு மூச்சு இல்லை. அதோடு பழைய பாலங்கள் இரண்டையும் பிரித்தெடுக்க வேண்டும். கட்டுவதைப் பற்றிப் பேசுகிறவர்கள் இடிப்பதைப் பற்றிப் பேசுவதில்லை. மேற்கு முனையில் சாண்டி பாயின்ட் மாநிலப் பூங்கா. பூங்கா நிலத்தை எடுக்க வேண்டுமானால் வேறு வழியே இல்லை என்று காட்ட வேண்டும் என்பது 1966ஆம் ஆண்டுச் சட்டம். கரையிலிருந்து 1,000 அடிக்குள் எது கட்டினாலும் மாநிலத்தின் 1984ஆம் ஆண்டு விரிகுடாப் பாதுகாப்புச் சட்டம் குறுக்கே வரும்.

ஆனால் நேர்மையாகச் சொல்கிறேன்: இந்த விஷயத்தில் 7ஆம் தடம்தான் குறைந்த கேடு. ராக் ஹால் பக்கமும் செயின்ட் மைக்கேல்ஸ் பக்கமும் இன்னும் வயல் வயலாகவே இருக்கிறது. அங்கே பாலம் இறங்கினால் இருபது ஆண்டில் இன்னொரு கென்ட் தீவு. அதை நான் விரும்பவில்லை.

பாலக்கணக்கு

அப்படியானால் நீங்கள் என் கட்சிதானே?

கிழக்குக்கரையான்

இல்லை. நீங்கள் ஆதரிக்கிற திட்டம் ஏழாம் தடத்தில் எட்டு வழி கேட்கிறது. இப்போது இருக்கிற ஐந்து வழியோடு, கப்பல் மோதினாலும் தாங்குகிற தூணும், வண்டி நின்றுபோனால் ஒதுங்க ஓரமும் இருந்தால் போதும் என்கிறேன் நான். விபத்து நடந்தால் ஒதுங்க இடமில்லாமல் ஒரு வழி முழுக்க அடைபடுவதுதான் பாதி நெரிசல்.

டன்டாக்

இதற்கு நான் கைதூக்குகிறேன். ஓரம் இல்லாத பாலத்தில் வேலை செய்கிறவர்களையும் ஒருமுறை நினைத்துப் பாருங்கள்.

பாலக்கணக்கு

ஐந்து வழி என்பது கணக்கில் உதைக்கும். ஒரு பக்கம் இரண்டு, மறுபக்கம் மூன்று என்று வைத்து, நெரிசல் நேரத்தில் மேற்கே போகும் பாலத்தின் ஒரு வழியைக் கிழக்கே திருப்பிவிடுகிற இன்றைய ஏற்பாடு ஆபத்தானது. எதிரெதிர் வண்டிகளுக்கு நடுவே அங்கே தடுப்பே இல்லை. பக்கத்துக்கு மூன்று, கூடவே ஓரம் என்றால் என்னால் வாதாட முடியும்.

செம்பருத்தி

பாருங்கள், தடத்தில் தொடங்கி வழிக்கு வந்துவிட்டீர்கள். பக்கத்துக்கு மூன்று வழியும் நேரத்துக்கு ஏற்ற கட்டணமும் சேர்ந்த ஒரு மாற்றை எட்டு வழியோடு ஒரே அட்டவணையில் வைத்துக் காட்டுங்கள் என்று கருத்துக்கேட்பில் எழுதப் போகிறேன். வைத்துக் காட்டிவிட்டு எட்டுதான் என்றால் நான் வாயை மூடிக்கொள்கிறேன்.

கிழக்குக்கரையான்

நானும் எழுதுகிறேன். அதோடு ஒரு நினைவூட்டல்: கிழக்குக் கரைக் கவுண்டிகளில் கட்டணப் பாலம் கட்ட வேண்டுமானால் அந்தக் கவுண்டிகளில் பெரும்பான்மையின் ஒப்புதல் வேண்டும் என்று மாநிலச் சட்டத்தில் இருக்கிறது. ஒன்பது கவுண்டிகள். ஐந்து பேரிடம் கையெழுத்து வாங்க வேண்டும்.

பாலக்கணக்கு

இடித்துவிட்டு அதே இடத்தில் கட்டுவது அந்தச் சட்டத்துக்குள் வருமா ஐயா?

கிழக்குக்கரையான்

அதைத்தான் நானும் கேட்டுக்கொண்டிருக்கிறேன். இந்த இழையில் வழக்கறிஞர் யாராவது இருந்தால் வரட்டும். நண்டுக் குழம்பு என் செலவு.