மறு: ஹைப்பர்ப்ளேசியாவுக்கு 'மிகைவளர்ச்சி' போதுமா?

> ஹைப்பர்ப்ளேசியா, ஹைப்பர்ட்ரோபி என்ற இரண்டு மருத்துவச் சொற்களுக்குமே தமிழில் 'மிகைவளர்ச்சி' என்று வைத்தால் என்ன கெட்டுவிடும்? இடம் பார்த்துப் புரிந்துகொள்வார்கள்.

மாட்டார்கள், அவிநாசி ஐயா. எங்கள் வீட்டிலேயே புரியவில்லை. போன மாதம் மாமனாருக்கு ஸ்கேன் எடுத்தோம். ரிப்போர்ட்டோடு வந்த தமிழ்த் துண்டுத்தாளில் 'புராஸ்டேட் மிகைவளர்ச்சி' என்று போட்டிருந்தது. அத்தை அதைப் படித்துவிட்டு, "கட்டியா கண்ணு?" என்றார். அப்புறம் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவே இல்லை.

புற்றெல்லாம் இல்லை. 80 வயதைத் தாண்டிய ஆண்களில் பெரும்பாலோருக்கு வருவதுதான். புராஸ்டேட் சுரப்பியில் செல்களின் எண்ணிக்கை கூடியிருக்கிறது, இது ஹைப்பர்ப்ளேசியா. வருடக்கணக்காக ரத்த அழுத்தம் இருப்பவரின் இதயச் சுவர் தடிப்பது வேறு கதை. பெரியவர்களின் இதயத் தசைச் செல் பிளவுபடுவது மிக அரிது. பாரம் ஏறினால் இருக்கிற செல்லே தடித்துக்கொள்கிறது. இது ஹைப்பர்ட்ரோபி. செல்லில்தான் நோய் குடியிருக்கிறது என்று 1858-இல் நூலாகவே எழுதிய ஜெர்மன் மருத்துவர் ருடால்ஃப் விர்ச்சோ இந்த இரண்டையும் அன்றே பிரித்துவிட்டார். நாம் ஏன் திரும்ப ஒட்டவைக்க வேண்டும்?

சொல் எங்கள் தோட்டத்திலேயே கிடந்தது. கோபிசெட்டிபாளையம் பக்கம் மஞ்சள் வெட்டும்போது அத்தை ஒரு தூரைத் தூக்கி, மண்ணை உதறி, விரலிகளைத் தடவிப் பார்ப்பார். நிறைய விரலி பிடித்திருந்தால் "நல்லா பலுகியிருக்குது". நாலே விரலி, ஆனால் ஒவ்வொன்றும் கட்டைவிரல் தடிமன் என்றால் "பருத்திருக்குது". அதனால் என் முன்மொழிவு: ஹைப்பர்ப்ளேசியா 'செல் பலுகல்', ஹைப்பர்ட்ரோபி 'செல் பருத்தல்'.

'மிகை' வேண்டாம் என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. கர்ப்ப காலத்தில் மார்பின் பால்சுரப்பிகளில் செல்கள் பலுகுகின்றன. கருப்பையில் பலுகலும் பருத்தலும் சேர்ந்தே நடக்கின்றன. ஜிம்முக்குப் போகிறவன் புஜம் பருக்கிறது. இதில் மிகை எங்கே வந்தது?

நம் குழுவின் கோவை அம்மா, 'பலுகிப் பெருகி' என்று பைபிளில் வருவதால் 'பலுகல்' பைபிள் வாடை அடிக்கிறது, பழைய வடிவமான 'பல்கல்' போதும் என்கிறார். வாடை அடித்தால் அடித்துவிட்டுப் போகட்டும். 'செல் பல்கல்' என்று எழுதினால் படிக்கிறவர் நேரே பல் டாக்டரிடம் போய்விடுவார்.

நேற்று அத்தையிடமே சோதித்தேன். "மாமாவுக்குச் செல் பலுகியிருக்குதுங்க, அவ்வளவுதான்" என்றேன். சட்டென்று கேட்டார்: "மருந்து போட்டா அடங்குமா?"

கேள்வி சரியான இடத்தில் விழுந்தது. புராஸ்டேட் பலுகலுக்கு ஆண் ஹார்மோனின் தூண்டுதல் வேண்டும். அதைக் குறைக்கும் மாத்திரையில் சுரப்பி ஓரளவு சுருங்கும். பொதுவாகத் தூண்டுதல் போனால் பலுகல் நிற்கும். தூண்டுதல் போன பிறகும் நிற்காமல் தன்பாட்டுக்குப் போவதுதான் நியோப்ளேசியா; கட்டியும் புற்றும் இந்த வகை. அதற்கு 'அடங்காப் பலுகல்' என்று வைக்கலாம். பாதிப் புண்ணியம் அத்தைக்கு.

இடிக்கிற இடம் ஒன்று இருக்கிறது. கருப்பை உட்சவ்வில் சிலருக்குப் பலுகலோடு செல்களின் உருவமும் கோணிப்போகிறது. அது புற்று அல்ல, ஆனால் விட்டால் புற்றாகலாம். அடங்கியதா, அடங்காததா? 'கோணல் பலுகல்' என்று எழுதிப் பார்த்தேன், எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. இதற்கு யாராவது ஒரு சொல் கொடுங்களேன்.