கடைசி நாள்களில் ஒருவரை வீட்டில் பார்ப்பதை இளம் டொக்டர்மாருக்கு எப்பிடிப் பழக்குறது?

வெள்ளவத்தை ஜி.பி.:
என்ர கிளினிக்குக்குக் குடும்ப மருத்துவம் படிக்கிற டொக்டர்மார் பயிற்சிக்கு வருகினம். பிரஷர், சலரோகம் எல்லாம் நல்லாப் பார்ப்பினம். ஆனா மகரகம ஆஸ்பத்திரியிலை புற்றுநோய் வைத்தியம் முடிஞ்சு வீட்டுக்கு வந்த ஒருத்தரிட்டைக் கூட்டிக்கொண்டு போனால், வாசலிலேயே தயங்கி நிக்கினம். மகள் குசினிக்குள்ள கூப்பிட்டு, "அம்மாவுக்குச் சொல்லிப்போடாதேங்கோ டொக்டர், ஒரு சேலைனாவது ஏத்துங்கோ" எண்டு அழேக்க இவைக்கு வாய் வருகுதில்லை. எனக்குக் கிடைக்கிறது ரெண்டு பின்னேரம்தான். நீங்கள் எண்டால் எதிலை தொடங்குவீங்கள்?

வீட்டுத் தாதி:
கடும் நோவுக்குக் குடுக்கிற மோர்பினிலை தொடங்குங்கோ சேர். குடிக்கிற மருந்தை 4 மணித்தியாலத்துக்கு ஒருக்கா குடுக்கிறது, இடையிலை நோ வந்தால் ஒரு நாள் மொத்த அளவிலை ஆறிலை ஒரு பங்கு, அண்டைக்கே மலமிளக்கி, சிறுநீரகம் பழுதெண்டால் அளவைக் குறைக்கிறது: இதெல்லாம் அவைக்குத் தெரியும். வீட்டாருக்கு எழுதிக் குடுக்கத்தான் தெரியாது. பெரிய எழுத்திலை, தமிழிலை, மணியும் மில்லிலீற்றரும் போட்டு, ஃபிரிட்ஜ் கதவிலை ஒட்டுற மாதிரி எழுதப் பழக்குங்கோ. இரவு ரெண்டு மணிக்கு மகன் அதைப் பார்த்துத்தான் குடுப்பார்.

கொட்டாஞ்சேனை மகள்:
அப்பாவுக்குச் சேலைன் ஏத்தச் சொல்லி நாங்களும் மன்றாடினனாங்கள். பட்டினி போட்டுக் கொல்லுறமோ எண்ட பயம். வந்த இளம் டொக்டர் எங்களோட வாதாடேல்லை. "உடம்பு இப்ப தண்ணியை ஏற்காது. ஏத்தினால் கால் வீங்கும், நெஞ்சிலை சளி கட்டும்" எண்டு ஆறுதலாச் சொன்னா. பிறகு பஞ்சை நனைச்சு அப்பாவின்ர வாயைத் துடைச்சு, உதட்டுக்கு வாஸ்லின் பூசிக் காட்டி, பஞ்சை என்ர கையிலை தந்தா. அதுக்குப் பிறகு வீட்டிலை ஒருத்தரும் சேலைன் கேக்கேல்லை. அதைப் பழக்குங்கோ டொக்டர்.

வெள்ளவத்தை ஜி.பி.:
நன்றி தங்கச்சி. அப்ப முதல் பின்னேரம் ஒருத்தர் மகளாகவும் மற்றவர் டொக்டராகவும் இருந்து கதைக்கட்டும், தமிழிலையும் சிங்களத்திலையும். கெட்ட செய்தியை நோயாளிக்குச் சொல்லுறதுக்குப் பெய்ல், பக்மன் எண்ட டொக்டர்மாரின்ர குழு 2000இல் எழுதின ஆறு படி முறையிலை எனக்குப் பெரிசாப் படுறது, சொல்ல முதல் கேக்கிறது: "உங்கட வருத்தத்தைப் பற்றி என்ன தெரியும்? எவ்வளவு அறிய விருப்பம்?" அதை நோயாளியிட்டையே கேக்கவேணும். ரெண்டாவது பின்னேரம் வீடு. கதிரையைத் தலைமாட்டுக்கு இழுத்து இருந்து கதைச்ச பிறகுதான் குசினிப் பக்கம்.
மிஸி, நீங்கள் எழுதிக் குடுக்கிற தாளின்ர மாதிரி ஒண்டை இங்கை போடுவீங்களே?