இசைக் கல்லூரியில் சேர்வதற்கு முன்: டெல்டாவிலிருந்து சில அனுபவங்கள்

கும்பகோணம் பக்கத்து நாகசுரக் கலைஞர்

நான்கு தலைமுறையாக நாகசுரம் வாசிக்கும் குடும்பம் எங்களுடையது. நான் பிளஸ் டூ முடித்த ஆண்டில், நானும் கல்லூரிக்குப் போய்விட்டால் அப்பாவுக்குப் பக்கத்தில் நின்று வாசிக்க யார் இருக்கிறார்கள் என்ற கேள்விதான் வீட்டில் முதலில் எழுந்தது. ஆடி, புரட்டாசி, மார்கழியில் கல்யாணம் கிடையாது. ஆனால் வைகாசி, ஆனி, ஆவணி, தை என்று வந்துவிட்டால் ஒரு முகூர்த்த நாளைக்கூட விட முடியாது, ஏனென்றால் கல்யாணமில்லாத மாதங்களுக்கும் சேர்த்து அப்போதுதான் சம்பாதித்தாக வேண்டும். விடியற்கால முகூர்த்தம் என்றால் முதல் நாள் மாலையே ஜானவாசத்துக்குப் போய் நிற்க வேண்டும். ஆகவே ஒரு கல்யாணத்துக்கு இரண்டு நாள் வகுப்பு போய்விடும். கல்லூரியோ 75 விழுக்காடு வருகைப்பதிவு கேட்கும். விண்ணப்பம் வாங்குவதற்கு முன்பே நானும் அப்பாவும் பஞ்சாங்கத்தை விரித்து வைத்துக்கொண்டு, எந்தப் பருவத்தில் எத்தனை நாள் விடுபடும் என்று கணக்குப் போட்டோம். அந்த ஒரு மாலை நேரக் கணக்குதான் பிறகு மூன்று ஆண்டுகளும் என்னைக் காப்பாற்றியது என்று இன்றும் நினைக்கிறேன்.

மாவட்ட அரசு இசைப் பள்ளியில் சேர்ந்து மூன்று ஆண்டுகள் படிப்பதா, பட்டப் படிப்புக்குப் போவதா என்பது அடுத்த குழப்பம். சீர்காழியிலும் திருவாரூரிலும் அந்தப் பள்ளிகள் இருக்கின்றன. குரலிசை, நாதசுரம், தவில், தேவாரம், பரதநாட்டியம், வயலின், மிருதங்கம் ஆகியவற்றை அங்கே கற்றுத் தருகிறார்கள். கோயிலில் வித்துவானாக இருந்தால் போதும் என்று நினைப்பவருக்கு அந்தச் சான்றிதழே பெரிய துணை. எனக்குப் பள்ளியில் இசை ஆசிரியராக வேண்டும் என்ற ஆசையும் இருந்ததால் பட்டத்தைத் தேர்ந்தெடுத்தேன்.

முதலில் தொலைவிலுள்ள ஒரு கல்லூரிக்கு விண்ணப்பித்தேன். அதன் பெயரைச் சொல்ல விரும்பவில்லை. காலை ஒன்பது மணிக்கு வரச் சொன்னவர்கள், ஒரு மணிக்குத்தான் உள்ளே அழைத்தார்கள். நாயனத்தில் வாய் வைத்து ஊதும் சீவாளி நாணலால் ஆனது. உமிழ்நீரில் ஊறி ஈரமாக இருந்தால்தான் இரண்டு இதழும் ஒழுங்காக அதிரும். நான்கு மணி நேரம் உறைக்குள் கிடந்த நாயனத்தை எடுத்து, குளிரூட்டிய அறையில் அப்படியே வாசிக்கச் சொன்னபோது, மோகன ராகத்தில் முதல் பிடியே பிசிறடித்தது. சீவாளியை வாயில் வைத்து ஊற வைக்கவும், ஊசியால் அதன் வாயைச் சற்று விரித்துக்கொள்ளவும் நேரம் கேட்டேன், கிடைக்கவில்லை. அது மட்டுமன்று, அதற்கு முன் பாடிய மாணவிக்கு வைத்திருந்த சுருதி அப்படியே ஒலித்துக்கொண்டிருந்தது. நாயனத்தின் சுருதி அதன் நீளத்திலேயே அமைந்துவிட்டது. சுருதிப் பெட்டியைத்தான் அதற்கேற்ப மாற்ற வேண்டும், குழலை மாற்ற முடியாது. இதை எடுத்துச் சொல்லும் துணிவு பதினேழு வயதில் எனக்கு இருக்கவில்லை. தேர்வாகாமல் ஊர் திரும்பினேன்.

1965-இல் தொடங்கப்பட்ட திருவையாறு அரசு இசைக் கல்லூரிக்குப் போனபோது, நாயனத்தில் கட்டிய கயிற்றில் நன்றாகப் பழகிய நான்கு சீவாளிகள் தொங்கின. காத்திருந்த நேரமெல்லாம் ஒன்று மாற்றி ஒன்றாக வாயில் ஊற வைத்துக்கொண்டேயிருந்தேன். உள்ளே நுழைந்ததும் வணக்கம் சொல்லிவிட்டு, "ஐயா, இது பாரி நாயனம், சுருதியை இரண்டரைக் கட்டைக்கு வைத்துக்கொள்ளலாமா?" என்று நானே கேட்டேன். பாரி என்பது நீளமான, சுருதி தாழ்ந்த நாயனம். தேர்வாளர் சிரித்துக்கொண்டே பெட்டியைத் திருப்பினார். வர்ணத்தை இரண்டு காலத்திலும், பிறகு கொஞ்சம் ஆலாபனையும் வாசித்தேன். தாளம் போட்டுக்கொண்டே சுவரம் பாடவும் சொன்னார்கள். கல்யாண மேடையில் எத்தனை வாசித்திருந்தாலும் வாய்விட்டுச் சுவரம் பாடிப் பழகாத எங்கள் பிள்ளைகள் தடுமாறுவது இந்த இடத்தில்தான்; குரல் நன்றாக இல்லையே என்று கூச்சப்படாமல் வீட்டிலேயே தினமும் பாடிப் பாருங்கள்.

சேர்ந்த பிறகும் வீட்டிலிருந்தே பேருந்தில் போய்வந்ததால் முகூர்த்த நாள்களில் அப்பாவை விட்டுக்கொடுக்காமல் இருக்க முடிந்தது. எந்தெந்த நாள் வர இயலாது என்பதை மாதத் தொடக்கத்திலேயே எழுதி ஆசிரியரிடம் கொடுத்துவிடுவேன். சொல்லாமல் விடுப்பு எடுத்த நண்பர்கள் தேர்வு எழுத முடியாமல் தவித்ததைப் பார்த்திருக்கிறேன்.

மயிலாடுதுறையிலிருந்து ஒரு தாயார்

மேலே எழுதியிருக்கும் தம்பியின் அனுபவத்தைப் படித்தபோது என் மகளின் நினைவு வந்தது. அவள் வாய்ப்பாட்டு மாணவி. சென்னைக்கு அனுப்ப எங்களுக்கு வசதி இல்லாததால், ரயிலில் போய்வரும் தொலைவிலுள்ள சிதம்பரத்தை, அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் இசைத் துறையைப் பார்த்தோம். தண்டபாணி தேசிகர் தலைமை வகித்த துறை என்று என் மாமனார் அடிக்கடி சொல்வார். தேவாரத்தில் மனம் தோய்ந்த பிள்ளைக்கு அந்தச் சொல்லே போதுமானதாக இருந்தது.

எங்களைத் தடுமாற வைத்தது இசையன்று, காகிதம். போட்டிகளில் வாங்கிய சான்றிதழ்களில் அவள் பெயர் ஒன்றில் 'சௌ' என்றும் மற்றொன்றில் 'செள' என்றும், தலைப்பெழுத்து ஒன்றில் முன்னாலும் மற்றொன்றில் பின்னாலும் இருந்தன. மதிப்பெண் சான்றிதழில் உள்ளபடியே எல்லாவற்றிலும் பெயர் இருக்கும்படி, பரிசு வாங்கும் அன்றே மேடைக்குப் பக்கத்தில் நின்று திருத்தி வாங்கிக்கொள்ளுங்கள். பல ஆண்டுகள் கழித்து அந்தச் சபாவைத் தேடிப் போனால் அங்கே செயலாளரே மாறியிருப்பார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மத்திய அரசின் பண்பாட்டு அமைச்சகம் 18 முதல் 25 வயதுக்குட்பட்ட இளங்கலைஞர்களுக்கு மாதம் 5,000 ரூபாய் வீதம் இரண்டு ஆண்டுகளுக்கு உதவித்தொகை வழங்கும் திட்டம் ஒன்று உண்டு. குருவிடம் மேற்பயிற்சி பெறுவதற்கான தொகை அது. நம் பக்கத்துப் பிள்ளைகள் பலருக்கு அப்படியொன்று இருப்பதே தெரியவில்லை என்பது எனக்கு மிகுந்த வருத்தம்.

தஞ்சாவூர் மிருதங்க மாணவர்

நான் இசைக் கல்லூரிக்குப் போகவில்லை; அதையும் பகிர்வது நல்லது என்று தோன்றுகிறது. என் ஆசிரியர் விடியற்காலை ஐந்து மணிக்குத்தான் பாடம் சொல்வார். அவரை விட்டு விலகக் கூடாது என்பதற்காகவே, உள்ளூரிலேயே பி.காம். சேர்ந்தேன். காலையில் இரண்டு மணி நேரம் சாதகப் பயிற்சி, பகலில் கல்லூரி, மாலையில் அவருடன் கச்சேரிக்குப் போய்ப் பின்னால் உட்கார்ந்து தாளம் போடுவது என்று மூன்று ஆண்டுகள் கழிந்தன. திருச்சி வானொலியின் கலைஞர் தேர்வுக்கு விண்ணப்பித்து, இரண்டாம் முறை வானொலிக் கலைஞருக்கான 'பி' தரநிலை பெற்றபோது, எடுத்த முடிவு சரி என்றே நினைத்தேன்.

ஆனால் ஒரு குறையை மறைக்கக் கூடாது. முப்பத்தைந்து தாளங்களையும் கையில் போடத் தெரிந்த எனக்கு, ஒரு கோர்வையை, அதாவது தாளச் சொற்களைக் கோத்த முடிப்பை, தாளில் குறியீட்டுடன் எழுதத் தெரியவில்லை. சென்ற ஆண்டு ஒரு பள்ளியில் பகுதிநேரப் பணிக்குக் கேட்டபோது, முதலில் இசைக்கான சான்றிதழைத்தான் கேட்டார்கள். வானொலி நிலையைச் சொன்னேன், பட்டம் வேண்டும் என்றார்கள். கல்லூரியில் படித்த தோழன் ஒருவனின் குறிப்பேட்டை வாங்கி வந்து, இப்போது இருபத்து நான்கு வயதில், அரசுத் தொழில்நுட்பத் தேர்வுக்காக லகு, துருதம், அனுதுருதம் என்று தாள அங்கங்களை முதலிலிருந்து எழுதிப் பழகிக்கொண்டிருக்கிறேன்.