மனைவிக்கு ஹெபடைடிஸ் சி: கணவனாக நான் செய்ய வேண்டியவை எவை?

ஈரோட்டு வாசகர் கேட்கிறார்:

அனைவருக்கும் வணக்கம். என் மனைவிக்கு வயது 49. கர்ப்பப்பையில் கட்டியும் அதனால் அளவுக்கு மீறிய உதிரப்போக்கும் இருந்ததால், அறுவை சிகிச்சை செய்துகொள்வதென்று முடிவெடுத்திருந்தோம். அதற்கு முன் எடுத்த இரத்தப் பரிசோதனையில் ஹெபடைடிஸ் சி 'ரியாக்டிவ்' என்று வந்துவிட்டது. அறுவை சிகிச்சையைத் தள்ளிவைத்து, கல்லீரல் மருத்துவரைப் பார்க்கும்படி சீட்டில் ஒரு வரி எழுதிக் கொடுத்தார்கள். அதற்கு மேல் யாரும் எங்களை உட்காரவைத்து விளக்கவில்லை.

1996-இல் மூத்த மகன் பிறந்தபோது, பிரசவத்திற்குப் பிறகு உதிரப்போக்கு நிற்காமல் அவருக்கு இரத்தம் ஏற்றினார்கள். அதைத் தவிர வேறு காரணம் எதுவும் எங்களுக்குத் தோன்றவில்லை. ஆனால் வீட்டில் என் தாயார் முதற்கொண்டு எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி, "இது எப்படி வந்தது?" என்பதுதான். அந்தக் கேள்வியின் தொனியே என் மனைவியைப் பாதி கொன்றுவிட்டது. தனக்கென்று ஒரு தட்டையும் டம்ளரையும் எடுத்து அவராகவே சமையலறை மேடையின் ஓரத்தில் வைத்துக்கொண்டார். இரண்டு வயதுப் பேரன் ஓடி வந்தால் விலகிப் போகிறார். மஞ்சள் காமாலைக்கு வைப்பதுபோல் என் தாயார் பத்தியம் வைத்திருக்கிறார்; உப்பு, புளி, எண்ணெய் கிடையாது, காலையில் மோரில் கலந்த கீழாநெல்லி மட்டும். 1999-இல் பிறந்த மகளுக்கு இப்போது வரன் பார்த்துக்கொண்டிருக்கிறோம். விஷயம் வெளியே தெரிந்தால் அது கெட்டுவிடும் என்பது என் மனைவிக்குப் பெரும் பயம்.

உறவினர் ஒருவர், "இதற்கு ஒரு வருடம் ஊசி போடுவார்கள், ஆளே உருக்குலைந்து போவார்" என்று சொல்லிவிட்டுப் போனார். அது உண்மையா? நானும் பிள்ளைகளும் பரிசோதித்துக்கொள்ள வேண்டுமா? அவர் சர்க்கரைக்கு மெட்ஃபார்மினும் கிளிமிபிரைடும், தினமும் காலையில் வாயு மாத்திரையாகப் பான்டாப்ரசோலும் சாப்பிடுகிறார். அனுபவமுள்ளவர்கள் வழிகாட்டினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

சேலத்துச் சகோதரி பதில்:

ஐயா, என் கணவருக்கு இதே நோய் இருந்து முழுவதும் குணமாகிவிட்டது. எனவே கேட்டறிந்ததைச் சொல்லாமல், நேரில் பார்த்ததையே எழுதுகிறேன்.

உங்கள் கையில் இருக்கும் அறிக்கையை வைத்து நோய் இருக்கிறது என்று இன்னும் முடிவு கட்டக் கூடாது. 'ரியாக்டிவ்' என்றால், கிருமியை எதிர்க்க உடல் உண்டாக்கிய எதிர்ப்பொருள் இரத்தத்தில் இருக்கிறது என்றுதான் பொருள். அந்தக் கிருமி எப்போதாவது உடலுக்குள் வந்து போயிருந்தால்கூட அந்த எதிர்ப்பொருள் ஆயுள் முழுதும் இரத்தத்தில் தங்கிவிடும். தொற்று ஏற்பட்டவர்களில் ஏறக்குறைய 100-க்கு 30 பேருக்கு, மருந்தே இல்லாமல் ஆறு மாதங்களுக்குள் அது தானாக அகன்றுவிடுகிறது. இப்போது கிருமி இருக்கிறதா என்பதைச் சொல்வது எச்.சி.வி. ஆர்.என்.ஏ. பரிசோதனைதான்; 'வைரல் லோடு' என்று கேட்டாலும் அதுவே. அந்த முடிவு வரும்வரை வீட்டில் எந்தப் பேச்சையும் வளரவிடாதீர்கள்.

ஊசி பற்றி உறவினர் சொன்னது பழைய கதை. இன்டர்ஃபெரான் என்ற அந்த ஊசி காய்ச்சலையும் கடுமையான மனச்சோர்வையும் கொடுத்தது உண்மைதான். அத்தனை பட்ட பிறகும் பலருக்குப் பலன் கிடைக்கவில்லை. 2013-இன் இறுதியில் அமெரிக்காவில் சோஃபோஸ்புவிர் மாத்திரைக்கு அனுமதி கிடைத்தது. பன்னிரண்டு வாரத்திற்கு அங்கே 84,000 டாலர் விலை வைத்தார்கள். அதே மருந்தை இந்திய நிறுவனங்கள் உரிமம் பெற்றுத் தயாரிக்கத் தொடங்கியபின் இங்கே விலை அடியோடு இறங்கியது. 2018 ஜூலை 28 அன்று தேசிய வைரல் ஹெபடைடிஸ் கட்டுப்பாட்டுத் திட்டம் தொடங்கப்பட்ட பிறகு, பரிசோதனையும் மாத்திரையும் அரசு சிகிச்சை மையங்களில் இலவசமாகவே கிடைக்கின்றன. உங்களுக்கு அருகில் உள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குச் சென்று, குடல் மற்றும் கல்லீரல் பிரிவில் விசாரியுங்கள். என் கணவர் மாத்திரை சாப்பிட்ட நாட்களில் ஒரு நாள்கூட வேலைக்கு விடுப்பு எடுக்கவில்லை. தலைவலியும் கொஞ்சம் அசதியும் இருந்தன, அவ்வளவுதான்.

பிள்ளைகளைப் பற்றி ஒரு விஷயம். பிரசவத்திற்குப் பிறகு ஏற்றிய இரத்தத்தால் தொற்று வந்திருந்தால், மூத்த மகன் அதற்கு முன்பே பிறந்துவிட்டார். தாயிடமிருந்து பிரசவ வழியில் அவருக்கு வந்திருக்க வழியில்லை. 1999-இல் பிறந்த மகளுக்குத்தான் சிறிய வாய்ப்பு உண்டு. தாய்க்குக் கிருமி இருந்தால் 100 குழந்தைகளில் ஐந்தாறு பேருக்குத் தொற்றுகிறது என்பார்கள். நீங்களும் மகளும் ஒருமுறை பரிசோதித்துக்கொண்டால் மனம் நிம்மதியாகும். தாய்ப்பாலால் வருவதில்லை.

உறவினர்களுக்கு மட்டும் நீங்களே முந்திக்கொண்டு உண்மையைச் சொல்லிவிடுங்கள் என்பேன். மறைத்தால் கற்பனை பெருகும்.

மருந்தாளுநர் ஒருவர் பதில்:

சகோதரி சொன்ன வரிசை சரியானது. மருந்துகள் பற்றிச் சிலவற்றைச் சேர்க்கிறேன், ஏனெனில் இந்த நோயில் துணையாக இருப்பவர் உண்மையாகவே பயன்படும் இடம் இதுதான். மாத்திரை தன் வேலையைப் பார்த்துக்கொள்ளும். அதற்கு இடையூறாக வேறு எதுவும் உள்ளே போகாமல் பார்ப்பதற்குத்தான் ஆள் வேண்டும்.

மருத்துவரிடம் போகும்போது, அவர் சாப்பிடும் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு அட்டையோடு எடுத்துச் செல்லுங்கள், கீழாநெல்லியையும் சேர்த்துத்தான். பெயரை வாயால் சொல்லும்போது பாதி மறந்துவிடும், வாயு மாத்திரையை யாரும் மாத்திரையாகவே கருதுவதில்லை. கல்லீரல் சுருங்காத நிலையில் இந்தியத் திட்டத்தில் பொதுவாகத் தரப்படுவது சோஃபோஸ்புவிரும் டக்லாடஸ்விரும், 84 நாட்களுக்கு. சிரோசிஸ் என்னும் கல்லீரல் சுருக்கம் இருந்தால் டக்லாடஸ்விருக்குப் பதிலாக வெல்பட்டாஸ்விர் தருவார்கள். இந்த வெல்பட்டாஸ்விர் உடலில் ஏறுவதற்கு வயிற்றில் அமிலம் வேண்டும். பான்டாப்ரசோல் அந்த அமிலத்தை அடக்கிவிடுவதால் மருந்தின் பலன் குறையும். எனவே அந்த மாத்திரை தரப்பட்டால் வாயு மாத்திரையை நிறுத்துவதா, மாற்றுவதா என்பதை மருத்துவரே சொல்ல வேண்டும். வலிப்புக்கான கார்பமசெபின், ஃபெனிட்டாயின், காசநோய்க்கான ரிஃபாம்பிசின் ஆகியவை இந்த மாத்திரைகளோடு சேரவே கூடாது. இதயத் துடிப்புக்கு அமியோடரோன் சாப்பிடுகிறவருக்குச் சோஃபோஸ்புவிர் கொடுத்தால் நாடித்துடிப்பு ஆபத்தான அளவுக்குக் குறையலாம். உங்கள் மனைவிக்கு இவை இல்லை என்றாலும், இதைப் படிக்கும் வேறு யாருக்கேனும் இருக்கலாம் என்பதால் எழுதுகிறேன்.

சர்க்கரை மாத்திரையில் ஒரு கவனம் தேவை. கிருமி மறையத் தொடங்கியதும் சிலருக்குச் சர்க்கரை தானாகவே கட்டுக்குள் வரும். அப்போது பழைய அளவிலேயே கிளிமிபிரைடு சாப்பிட்டால் தாழ்சர்க்கரை ஏற்படலாம். பிற்பகலில் திடீர் வியர்வை, கைநடுக்கம், பதற்றம் என்று அவர் சொன்னால் அதை மன உளைச்சல் என்று ஒதுக்கிவிடாமல் குளுக்கோமீட்டரில் பாருங்கள்.

சிகிச்சைக்கு முன் ஹெபடைடிஸ் பி பரிசோதனை கட்டாயம் செய்யப்பட வேண்டும். இரண்டு கிருமிகளும் உள்ளவருக்குச் சி-யை விரட்டும்போது பி விழித்துக்கொண்டு கல்லீரலைத் தாக்கிய நிகழ்வுகள் உண்டு. பி இல்லையென்றால் அதற்குத் தடுப்பூசி போட்டுக்கொள்வது நல்லது. சி-க்குத் தடுப்பூசி கிடையாது.

பத்தியத்தை இன்றே நிறுத்துங்கள். ஏற்கெனவே உதிரப்போக்கால் இரத்தம் குறைந்திருப்பவருக்குப் பருப்பும் முட்டையும் கீரையும் வேண்டும். மோர்சாதம் மட்டும் போதாது. வயிற்றில் நீர் கோத்த நிலையில் உப்பைக் குறைக்கச் சொல்வார்கள், மற்றபடி தனி உணவு எதுவும் இல்லை. கீழாநெல்லியின் மீது எனக்கு எந்த வெறுப்பும் கிடையாது. ஆனால் அது ஹெபடைடிஸ் சி-யைக் குணப்படுத்தும் என்பதற்கு ஆதாரம் இல்லை. அளவு தெரியாத எந்தச் சாறையும் இந்த மூன்று மாதம் கல்லீரலுக்குள் அனுப்பாமல் இருப்பதே விவேகம்.

குணமடைந்த ஒருவர் பதில்:

நான் நோயாளியாக இருந்தவன். முன்னவர்கள் மருத்துவத்தைச் சொல்லிவிட்டதால் வீட்டைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

ஐயா, அந்தத் தட்டையும் டம்ளரையும் நீங்களே எடுத்து மற்ற பாத்திரங்களோடு கலந்துவிடுங்கள். சொல்லிப் புரியவைத்துவிட்டு அப்புறம் செய்யலாம் என்று காத்திருக்க வேண்டாம். இந்தக் கிருமி இரத்தத்தின் வழியாகத்தான் பரவுகிறது. சாப்பாட்டிலோ, எச்சிலிலோ, தொடுவதாலோ, குழந்தையைத் தூக்கி முத்தமிடுவதாலோ பரவுவதில்லை. என் மனைவி நான் குடித்து மீதி வைத்த காபியை எதுவும் பேசாமல் எடுத்துக் குடித்தார். எந்த மருத்துவரின் ஆறுதலும் எனக்கு அவ்வளவு பயன்படவில்லை.

தனியாக வைக்க வேண்டியவை ரேஸர், பல்துலக்கி, நகவெட்டி ஆகியவை மட்டுமே. உங்கள் வீட்டில் உதிரப்போக்கு இருப்பதால், நாப்கினைக் காகிதத்தில் நன்றாகச் சுற்றி அப்புறப்படுத்தட்டும். இரத்தம் சிந்திய இடத்தைக் கையுறை அணிந்து பிளீச்சிங் கரைசலால் துடைக்கலாம். காய் நறுக்கும்போது விரல் வெட்டுப்பட்டால் கட்டுப் போட்டுக்கொண்டால் போதும், அரிவாள்மனையையே விட்டுவிட வேண்டியதில்லை. தாம்பத்தியத்தைப் பற்றி யாரும் வாய்விட்டுக் கேட்பதில்லை என்பதால் நானே சொல்கிறேன்: நெடுங்காலமாக இணைந்து வாழும் கணவன் மனைவிக்குள் அந்த வழியில் பரவுவது மிக அரிது. மாதவிடாய் நாட்களில் மட்டும் தவிர்த்தால் போதும்.

உறவினர்களிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டும் என்று சேலத்துச் சகோதரி எழுதியதில் எனக்கு உடன்பாடில்லை. யாரிடம் சொல்வது என்பதை நோயாளிதான் தீர்மானிக்க வேண்டும். வரன் பார்க்கும் நேரத்தில் உங்கள் மனைவி கேட்டுக்கொள்வது நியாயமான மறைவு. மூன்று மாதத்தில் தீரக்கூடிய நோயை ஊருக்கு அறிவிக்க வேண்டிய கட்டாயம் யாருக்கும் இல்லை. ஆனால் வீட்டுக்குள் இருக்கும் உங்கள் தாயாரிடம் நீங்கள்தான் பேச வேண்டும், அதை மனைவியின் தலையில் கட்டாதீர்கள். "எப்படி வந்தது?" என்று அவர் கேட்டால் நேரடியான பதில் இருக்கிறது. இந்தக் கிருமியே 1989-இல்தான் கண்டறியப்பட்டது. நம் நாட்டு இரத்த வங்கிகளில் இதற்கான பரிசோதனை 2001-இல்தான் கட்டாயமாக்கப்பட்டது. 1996-இல் உயிரைக் காப்பாற்ற ஏற்றிய இரத்தத்தில் இது இருந்திருக்கலாம். உங்கள் பேரனின் தந்தையைப் பெற்றெடுத்த பிரசவத்தில் வந்தது என்று சொன்னால், எந்த மாமியாரும் அடுத்த கேள்வி கேட்கமாட்டார்.

ஈரோட்டு வாசகர் மீண்டும்:

மூவருக்கும் நன்றி. ஆர்.என்.ஏ. பரிசோதனையில் கிருமி இருப்பது உறுதியாகிவிட்டது. கல்லீரல் எவ்வளவு இறுகியிருக்கிறது என்று பார்க்கும் ஃபைப்ரோஸ்கேனில் 6.4 வந்தது, சிரோசிஸ் இல்லை என்றார்கள். எனக்கும் மகளுக்கும் தொற்று இல்லை. சோஃபோஸ்புவிரும் டக்லாடஸ்விரும் அரசு மையத்திலேயே கொடுத்து, 28 நாளைக்கு ஒருமுறை வரச் சொல்லியிருக்கிறார்கள். தாயாரிடம் பேசினேன். அவர் பதில் எதுவும் சொல்லவில்லை, ஆனால் மறுநாள் மீன்குழம்பு வைத்திருந்தார்.

இரண்டு சந்தேகங்கள். ஹீமோகுளோபின் 8.2 இருக்கிறது, இரும்புச்சத்து மாத்திரை கல்லீரலுக்கு ஆகாது என்று யாரோ சொன்னதால் அவர் அதை நிறுத்திவிட்டார். அது சரியா? அறுவை சிகிச்சையை எப்போது செய்துகொள்ளலாம்?

மருந்தாளுநர் பதில்:

உதிரப்போக்கால் ஏற்பட்ட சோகைக்கு மருத்துவர் எழுதித் தந்த இரும்புச்சத்தை அவரைக் கேட்காமல் நிறுத்தக் கூடாது. இரும்பு குறையாதவர்கள் தாமாக வாங்கிச் சாப்பிட வேண்டாம் என்பதுதான் அந்த எச்சரிக்கையின் பொருள். சிலருக்கு இந்த மாத்திரைகளோடு சேர்த்துத் தரும் ரிபாவிரின் என்ற மருந்து உங்கள் மனைவிக்குத் தேவைப்படாமல் போனது இந்த வகையில் பெரிய நன்மை, அது இருக்கும் ஹீமோகுளோபினையும் குறைத்துவிடும்.

ஹெபடைடிஸ் சி இருப்பது மட்டுமே அறுவை சிகிச்சையை மறுப்பதற்குக் காரணமாகாது. எந்த நோயாளிக்கும் கடைப்பிடிக்க வேண்டிய அதே பாதுகாப்பு முறைகள்தான் இங்கும். உதிரப்போக்கு தாங்க முடியாத அளவுக்கு இருந்தால் காத்திருக்க வேண்டியதில்லை. இருவரும் ஒருவரோடு ஒருவர் பேசி முடிவெடுக்கும்படி மகப்பேறு மருத்துவரிடமும் கல்லீரல் மருத்துவரிடமும் கேளுங்கள். தாமதிக்கக்கூடிய நிலை என்றால், மாத்திரையை முடித்துவிட்டுச் செய்துகொள்வது எல்லோருக்கும் நிம்மதி.

மாத்திரையைத் தினமும் ஒரே நேரத்தில், அவர் மறக்காத ஏதேனும் ஒரு வேலையோடு சேர்த்துவிடுங்கள். ஒரு நாள் விட்டுப்போனால் மறுநாள் இரண்டாகச் சாப்பிடக் கூடாது. கடைசி மாத்திரை முடிந்து பன்னிரண்டு வாரம் கழித்து எடுக்கும் ஆர்.என்.ஏ. பரிசோதனைதான் குணமாகிவிட்டதா என்பதைச் சொல்லும். உடல் நன்றாக இருக்கிறது என்று பலர் அதற்கு வராமலேயே இருந்துவிடுகிறார்கள். அந்தத் தேதியை நாட்காட்டியில் இப்போதே குறித்துவையுங்கள். பதில் 'கண்டறியப்படவில்லை' என்று வந்தால், அந்த அறிக்கையைப் பல நகல்கள் எடுத்து மருத்துவக் கோப்பின் முதல் தாளாக வைத்துக்கொள்ளுங்கள். குணமான பிறகும் எதிர்ப்பொருள் பரிசோதனை 'ரியாக்டிவ்' என்றே வரும் என்பதால், வேறு எந்த மருத்துவமனைக்குப் போனாலும் முதலில் காட்ட வேண்டியது அந்தத் தாள்தான்.